நம் கண்மாய் மீன்களும் தூண்டிற்காரரும்

(வீரசோழனில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் கண்மாய்ப் பாசன விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஊருக்கு வந்தால் கரையைப் பற்றியும், மடையைப் பற்றியும், வரத்துக்காலைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று தூண்டிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைவர் அவர்கள் அறிவித்தவுடன் பின்வரிசையில் இருந்த இளைஞர்கள் சிலர் நகைத்ததைக் கண்டேன். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. தூண்டில் போடுவது வேலையற்றவன் வேலை என்பது நாம் நெடுநாளாகக் கொண்டிருக்கும் எண்ணமே. ஆயினும், எந்தக் கண்மாயில் தூண்டிற்காரனுக்கு நல்ல மீன் அகப்படுகிறதோ, அந்தக் கண்மாயே விவசாயிக்கும் நன்மை தரும் கண்மாய் என்பதை இவ்வுரை முடிவதற்குள் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

வறண்ட சீமையில் வாழும் மீன்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை நமக்குக் கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றால் வருவது. வைகை நீர் கிருதுமால் நதி வழியே வந்து சேருமானால் அது நமக்கு நற்பேறு. வராத ஆண்டில் மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரே கதி. தை, மாசி வரையில் நிறைந்திருக்கும் கண்மாய், பங்குனியில் குட்டையாகி, சித்திரை வெயிலில் வெடித்த சேறாகிவிடுகிறது.

இத்தகைய நீர்நிலையில் எந்த மீன் வாழும்? ஓடும் ஆற்றையும் ஆழ்ந்த ஏரியையும் நம்பி வாழும் மீன் இங்கே ஓராண்டுகூடத் தங்காது. வறட்சியைத் தாங்கக் கற்ற மீன்களே நம் கண்மாய்களின் சொந்தக் குடிகள். தூண்டிற்காரனுக்குச் சிறந்த விளையாட்டைக் கொடுப்பவையும் பெரும்பாலும் அவையே.

தூண்டிலின் வரலாறு

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவதை ஒரு கலையாகப் பயின்று நூல் எழுதியோர் நம் மாநிலத்திலேயே இருந்தனர். மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கில அதிகாரி, இந்தியாவில் தூண்டில் போடும் முறைகளைப் பற்றி 1873இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் ஆற்று மீன்களுக்கே முதலிடம் தந்த அவர், 1887இல் குளங்களிலும் கண்மாய்களிலும் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். மலையாறுகளைத் தேடிப் போக இயலாதவர்க்கு ஊர்க் கண்மாயே போதும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆற்று மீன்களில் உலகப் புகழ் பெற்றது காவிரிப் பகுதியின் மஹசீர். 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒரு மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. அதற்காகவே வெளிநாட்டார் கடல் கடந்து வந்தனர். எனினும் அத்தகைய திமில்முதுகு மஹசீர் இனம், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் பன்னாட்டுப் பட்டியலில் 2018இல் சேர்க்கப்பட்டது. புகழ் மட்டும் ஒரு மீனைக் காப்பாற்றாது. அது வாழும் நீரையும் முட்டையிடும் இடத்தையும் காப்பவர் அருகில் இருக்க வேண்டும். இப்பாடம் நம் கண்மாய்க்கும் பொருந்தும்.

விரால்: கண்மாயின் அரசன்

இனி நம் மீன்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலிடம் விராலுக்கே. பாம்பின் தலை போன்ற தலையும், உருண்டு நீண்ட உடலும், கறுத்த முதுகும் உடைய இம்மீனை அறியாதார் இங்கு எவரும் இலர். தெலங்கானா இதனையே தன் மாநில மீனாகக் கொண்டிருக்கிறது.

விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. தலையினுள் காற்றை ஏற்கும் உறுப்பு ஒன்று அதற்கு உண்டு. ஆகையால் அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொள்ளும். கண்மாய் வற்றும்பொழுது சேற்றுக்குள் புதைந்து, உடல் ஈரம் உலராதிருக்கும் வரையில் உயிரோடிருக்கும். அடுத்த மழை பெய்ததும் வெளிவந்து, ஆம்பலும் பாசியும் படர்ந்த ஓரங்களில் இடத்தைத் துப்புரவு செய்து முட்டையிடும். முட்டைகள் நீரின்மேல் மிதக்கும். தாயும் தந்தையும் அவற்றைக் காவல் காக்கும். குஞ்சுகள் செந்நிறமாகக் கூட்டம் கூட்டமாக நீரின்மேல் துள்ளும்பொழுதும் பெற்றோர் கீழே நின்று காப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தூண்டிற்காரன் விராலைத் தேட வேண்டிய இடம் பாசியின் ஓரமும், ஆம்பல் இலைகளின் இடைவெளியும், கரைக்கல் அணைப்பின் நிழலும் ஆகும். காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த வேளை சிறந்தது. சிறு தவளையையோ பொடி மீனையோ முள்ளில் கோத்து, நீர்மேல் துள்ளுவதுபோல் இழுத்தால் விரால் பாய்ந்து கவ்வும். கவ்வியவுடன் வெட்டி இழுக்கலாகாது. அது இரையை வாய்க்குள் கொள்ளச் சற்றே நேரம் கொடுத்துப் பின் இழுக்க வேண்டும். பாசிக்குள் புகுந்துவிட்டால் நரம்பு அறுந்துபோகும். ஆகவே நரம்பு தடித்ததாக இருத்தல் நலம்.

ஒரு செய்தியை மட்டும் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தூண்டிலை எறிந்தால் காவல் நிற்கும் விரால் பசியின்றியும் கவ்வும். குஞ்சைக் காக்கும் சினத்தால் கவ்வும். அப்படிப் பிடிப்பது எளிது. ஆனால் அந்த ஒரு மீனோடு அக்குஞ்சுக் கூட்டமும் உளுவைக்கும் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும். அடுத்த ஆண்டு நீங்கள் பிடிக்க வேண்டிய மீனை இந்த ஆண்டே கொன்றவர்களாவீர்கள்.

குறவை, பனையேறி, தேளி

விராலின் சிறிய தம்பி குறவை. விரால் வாழ இயலாத குட்டையிலும் வயல் வாய்க்காலிலும் குறவை வாழும். மண்புழுவுக்கே அகப்படும். சிறுவர் தூண்டில் பயில ஏற்ற மீன் இது.

பனையேறிக் கெண்டையும் காற்றை உட்கொள்ளும் இனமே. செவுள் மூடியில் உள்ள முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்னும் டேனிஷ் அதிகாரி, குளத்தருகே நின்ற பனைமரத்தில் இம்மீனைக் கண்டெடுத்ததாக எழுதியது ஐரோப்பாவில் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. பனை உச்சிவரை அது ஏறுமென்பதை அறிஞர் ஏற்பதில்லை. தரையில் நகர்வதை எவரும் மறுப்பதில்லை. இதன் செவுளைக் கவனமின்றிப் பிடித்தால் கை கிழியும்.

தேளி என்னும் மீன் பெயருக்கேற்பக் கொட்டும். மார்புத் துடுப்பின் முள்ளில் நஞ்சு உண்டு. குத்துப்பட்டால் அவ்விடத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். வலியும் வீக்கமும் குறையாவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போக வேண்டும். தேளியைக் கையால் பிடிக்காமல் துணியாலோ குறட்டாலோ பிடித்து முள்ளைக் கழற்றுவதே அறிவுடைமை.

அடியில் மேயும் மீன்கள்

நாட்டுக் கெளுத்தி, உளுவை, ஆரால் ஆகியவை அடிநீர் மீன்கள். தூண்டில் முள்ளுக்கு மேல் சிறிய ஈயக்குண்டு கட்டி, மண்புழுவைக் கோத்து, அடித்தரையில் கிடத்தினால் இவை எடுக்கும். கெளுத்தி மாலை மங்கியபின் நன்கு எடுக்கும். அதன் முள்ளும் குத்தும். ஆரால் சேற்றில் மூக்கை மட்டும் நீட்டிப் புதைந்திருக்கும். அதன் முதுகிலும் முள் வரிசை உண்டு.

வாளை பெருமீன். ஆற்றோடு தொடர்புடைய பெரிய கண்மாய்களில்தான் இது நிலைக்கும். வாய் அகன்றது, பல் நிறைந்தது. தன்னினும் சற்றே சிறிய மீனையும் விழுங்கும். இன்று இது அருகி வருவதால், அகப்பட்டால் மகிழ்ந்து பார்த்துவிட்டு நீரில் விடுவோரைப் பாராட்டுவேன்.

விலாங்கின் வாழ்க்கை வியப்புக்குரியது. நம் கண்மாயில் அகப்படும் விலாங்கு நம் கண்மாயில் பிறந்ததன்று. அதன் இனம் ஆழ்கடலில் முட்டையிடுகிறது. இளம் விலாங்குகள் கடலிலிருந்து ஆற்று முகத்துவாரத்தில் ஏறி, ஆண்டுக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முதிர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மன்னார் வளைகுடாவில் கலக்கும் குண்டாற்றில் வெள்ளம் கடல் வரையில் ஓடும் ஆண்டுகள்தாம் அதற்கு வழிதிறக்கும் ஆண்டுகள். வரத்துக்காலை அடைத்துக் கொண்டு, விலாங்கைக் காணோமே என்று வருந்துவதில் பயனில்லை.

அயிரையும் வெளிச்சியும் பொடிக் கெண்டையும் விளையாட்டுக்குச் சிறியவை, சமையலுக்குப் பெரியவை. மதுரைச் சீமையில் அயிரைக் குழம்பின் பெருமையை நான் சொல்ல வேண்டுவதில்லை. எலும்போடு உண்ணப்படும் இச்சிறு மீன்கள் குழந்தைகளுக்குச் சுண்ணாம்புச் சத்தை மலிவாகத் தருகின்றன. பெரிய மீன்களுக்கு இரையாவனவும் இவையே. பொடி மீன் இல்லாத கண்மாயில் விரால் இராது.

வந்தேறிய மீன்கள்

கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை வட இந்திய ஆறுகளுக்கு உரியவை. 1957இல் ஹிராலால் சௌத்ரி என்னும் விஞ்ஞானி, மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிடச் செய்ததிலிருந்து, குஞ்சுகள் பண்ணைகளிலேயே உற்பத்தியாகி நம் ஊர்வரையில் வந்து சேர்ந்தன. கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிருகால் அடியிலும் மேய்வதால் ஒன்றோடொன்று போட்டியின்றி வளரும். மாவு உருண்டைக்கு இவை அகப்படும். இழுப்பும் நன்றாக இருக்கும். ஆனால் தேங்கிய கண்மாய் நீரில் இவை இனம் பெருக்குவதில்லை. ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விட வேண்டும்.

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவுக்கு உரியது; 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எங்கும் பெருகும், பெருகியபின் இரை போதாமல் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். எந்த இரைக்கும் அகப்படும். இதனை எவ்வளவு பிடித்தாலும் கண்மாய்க்குக் கேடில்லை.

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதை வேறு. அது கண்ட மீனையும் தின்னும். சேற்றிலும் உயிர் பிழைக்கும். நம் மீன்களின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். அதனை வளர்ப்பதை இந்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. ஆயினும் விரைவில் எடை கூடும் என்னும் ஆசையால் கள்ளத்தனமாக வளர்ப்போர் இன்றும் உண்டு. ஒருவர் தோண்டிய குட்டையிலிருந்து வெள்ளத்தில் தப்பி அது கண்மாய்க்குள் வந்துவிட்டால், பிறகு அதனை வெளியேற்றுவது எவராலும் இயலாது. தூண்டிலில் அகப்பட்டால் அதனை மட்டும் திரும்ப நீரில் விடலாகாது. வளர்ப்பவர் இருப்பது தெரிந்தால் மீன்வளத் துறைக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

நான் செய்த பிழை

இதுவரை கூறியது மீனைப் பற்றி. இனிக் கூறுவது என்னைப் பற்றி. பணியில் சேர்ந்த புதிதில் வேறொரு வட்டாரத்தில் ஒரு கண்மாயின் மீன்பாசி குத்தகை என் கைக்கு வந்தது. முந்தைய ஆண்டைவிடத் தொகை பெரிது. நான் பார்த்தது அத்தொகை ஒன்றையே. குத்தகை நிபந்தனைகள் அரைப்பக்கந்தான் இருந்தன. அதில் நீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கையொப்பமிட்டேன்.

மாசி மாதக் கடைசியில் ஒரு காலை, விவசாயிகள் பதின்மர் அலுவலகத்தில் வந்து நின்றனர். இரவோடிரவாக மடை திறக்கப்பட்டு, வலை இழுக்க ஏதுவாகத் தண்ணீர் வடிக்கப்பட்டிருந்தது. கடைமடை வயல்களில் நெல் பால் பிடித்து நின்றது. மிளகாய்க் கொல்லைகளுக்கு இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டியிருந்தது. நான் போய்ப் பார்க்கையில் கண்மாயின் நடுவே சேறு மட்டுமே மின்னிற்று. ஆடுமாடுகள் தண்ணீரைத் தேடிச் சேற்றில் இறங்கி நின்றன. குத்தகைக்காரரைக் கேட்டால் நிபந்தனைத் தாளைக் காட்டினார். அவர் தவறுக்கு நான் எழுதிக்கொடுத்த அரைப்பக்கமே இடம் கொடுத்திருந்தது.

கரையில் தூண்டிலோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "பெரியவரே, இந்தச் சேற்றில் எதைப் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "பிடிக்க வரவில்லை, ஐயா. பார்க்க வந்தேன். போன தண்ணீரை மழை கொண்டுவந்துவிடும். சேற்றைக் கிளறி எடுத்துப் போன விராலை எந்த மழை கொண்டுவரும்?" என்றார் அவர்.

அவர் சொன்னதே நடந்தது. அடுத்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது, விரால் வரவில்லை. ஜிலேபிக் கெண்டையே நிறைந்திருந்தது. மறு ஆண்டு ஏலத்தில் கேட்பார் குறைந்தனர், தொகையும் வீழ்ந்தது. மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே வந்த மீன்களால் அங்கே விரால் மீண்டும் கண்ணில் படுவதற்கு மூன்றாண்டுகள் ஆயின. அந்தக் கண்மாயில் நெல் இழந்தவர்களுக்கு நான் என்ன ஈடு செய்ய இயலும்? அன்றுமுதல் எந்தக் குத்தகைத் தாளையும் நீரைப் பற்றிய நிபந்தனை இன்றிக் கையொப்பமிடுவதில்லை என்று உறுதி கொண்டேன். இன்று உங்களிடம் இதனைச் சொல்வதும் அந்தக் கடனைத் தீர்ப்பதற்கே.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவது, உங்கள் கண்மாய் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட பாசனப் பரப்புடைய கண்மாய்கள் முன்பு பொதுப்பணித் துறையிடமும் இன்று நீர்வளத் துறையிடமும் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. ஏலம் விடும் அலுவலகம் எதுவாயினும், நிபந்தனைகள் முடிவாகுமுன் உங்கள் தீர்மானத்தை எழுத்தில் அனுப்பி வைக்கலாம். ஏலம் முடிந்தபின் முறையிடுவதைக் காட்டிலும் இது பன்மடங்கு பயனுடையது.

இரண்டாவது, மீன் பிடிப்பதற்காக மடையைத் திறத்தல் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். மடையின் திறவு நீர்பாய்ச்சியிடமே இருக்கட்டும். கரையில் ஓர் அளவுக்கல் நட்டு, அம்மட்டத்திற்குக் கீழே நீர் இறங்கியபின் இறைத்தலும் வடித்தலும் இல்லை என்று விதியுங்கள். ஆடுமாடுகளுக்குக் குடிநீரும் அண்டைக் கிணறுகளுக்கு ஊற்றும் அந்த மிச்ச நீரால் கிடைப்பவை.

மூன்றாவது, மடைக்கு முன்னுள்ள ஆழமான பள்ளத்தை மீனுக்குப் புகலிடமாக ஒதுக்குங்கள். வண்டல் மண் எடுக்க அனுமதி கிடைக்கும் ஆண்டில் அங்கிருந்தே எடுத்தால் பள்ளம் ஆழமாகும். வயலுக்கு எருவும் ஆகும். கரையின் அடியைத் தோண்டிவிடாமல் தள்ளி எடுக்க வேண்டும். பள்ளத்தின் ஒரு பக்கமாவது சரிவாக இருக்கட்டும். செங்குத்தாக வெட்டிய குழிகள் நீர் நிறைந்தபின் கண்ணுக்குத் தெரியாமல் சிறுவர் உயிரைக் குடித்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். அப்பள்ளத்தில் வலையும் ஊத்தாவும் வேண்டா. அதில் தங்கும் சில விரால்களும் கெளுத்திகளுமே அடுத்த ஆண்டுக்கு விதை. விதைநெல்லைக் குத்தி உண்ணும் விவசாயி நம்மிடையே இல்லையன்றோ?

நான்காவது, புதுவெள்ளம் வரும்பொழுது கலுங்கிலும் வரத்துக்காலிலும் எதிரேறும் மீன்களைத் தடுத்துப் பிடிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அப்பொழுது ஏறுபவை வயிறு நிறையச் சினை கொண்ட மீன்கள். அவற்றில் ஒன்றைப் பிடிப்பது ஆயிரக்கணக்கான முட்டைகளை அழிப்பதாகும்.

ஐந்தாவது, நஞ்சிடுதலும் வெடி வைத்தலும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்பிடிச் சட்டத்தாலேயே குற்றமாக்கப்பட்டவை. பூச்சிமருந்தைக் கலந்து மீன் பிடித்தால் அந்நீரைக் குடிக்கும் ஆடும், அம்மீனை உண்ணும் குழந்தையும் துன்புறும். கொசுவலை கொண்டு குஞ்சுகளை அரிப்பதையும் குத்தகையில் தடை செய்யுங்கள்.

ஆறாவது, குத்தகை நடக்கும் காலத்திலும் உள்ளூரார் ஒரு கம்பும் ஒரு முள்ளும் கொண்டு தம் வீட்டுக்காகப் பிடிக்கும் உரிமையை நிபந்தனையிலேயே எழுதி வையுங்கள். தூண்டிலால் பிடிப்பது வலையில் ஒரு மூலைக்கும் காணாது. ஆனால் நாள்தோறும் கரையில் நாலுபேர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தால் இரவில் மடை திறப்பவனும் நஞ்சு கலப்பவனும் அஞ்சுவான். கரையில் விழுந்த எலிவளையையும், கலுங்கின் வெடிப்பையும் முதலில் காண்பவனும் அவனே. கூலி கொடுக்காமலே பஞ்சாயத்துக்குக் காவலாள் கிடைத்தது போலாகும். அருப்புக்கோட்டை, மதுரை போன்ற ஊர்களிலிருந்து ஞாயிறுதோறும் விளையாட்டுக்காகத் தூண்டில் போட வருவோர்க்குப் பஞ்சாயத்து ஒரு சிறு கட்டணச் சீட்டுக் கொடுக்கலாமா என்பதையும், குத்தகைக்காரரையும் உரிய துறையையும் கலந்து ஆராயுங்கள்.

தூண்டிற்காரர்க்கு ஒரு சொல்

உரிமை கேட்போர் ஒழுங்கையும் ஏற்க வேண்டும். ஒன்றரைச் சாணுக்குக் குறைந்த விராலை நீரில் விட்டுவிடுங்கள். விடும் மீனை உலர்ந்த கையால் பற்றாமல் நனைந்த கையால் பற்றுங்கள். மேலுள்ள வழுவழுப்பு அதற்குத் தோல்போல் காவல். குஞ்சு காக்கும் மீனைத் தொடாதீர்கள். அறுந்த நரம்பைக் கரையில் எறியாமல் சுருட்டிக் கொண்டுபோங்கள். கொக்கும் நாரையும் அதில் கால் சிக்கி மாள்கின்றன. மேயும் ஆடு அதனை விழுங்குகிறது. நீந்தத் தெரியாத சிறுவனைத் தனியே கண்மாய்க்கு அனுப்பாதீர்கள்.

கண்மாய் வற்றும் காலத்தில் ஊர் கூடி மீன் பிடிக்கும் திருவிழாவை நான் தடுக்கச் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீச, ஊத்தாவும் கச்சாவும் பரியுமாக ஊரே இறங்கும் அந்தக் காட்சி நம் சீமைக்கு அழகு. சாதி, சமயம், உள்ளூர், வெளியூர் என்னும் வேற்றுமையின்றி அன்று வீட்டுக்கு வீடு மீன் மணக்கும். அந்த நாளிலும் புகலிடப் பள்ளத்தை நான்கு கொம்பு நட்டுக் கயிறு கட்டி ஒதுக்கிவிடுங்கள். துண்டை வீசும் பெரியவரே, அந்தக் கயிற்றைத் தாண்டலாகாது என்பதையும் உரக்கச் சொல்லட்டும். அரசாங்க ஆணையைவிட அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

நண்பர்களே! இந்த ஆண்டு ஏல அறிவிப்பு வருமுன் உங்கள் கண்மாய்க் கரையில் ஒரு மாலை நடந்து பாருங்கள். அங்கே தூண்டில் போடும் கிழவரையோ சிறுவனையோ கண்டால், விரால் இருக்கிறதா என்று கேளுங்கள். "இருக்கிறது" என்றால் உங்கள் கண்மாயில் ஆழமும் பாசியும் நஞ்சில்லா நீரும் இருக்கின்றன என்று பொருள். "முன்பு இருந்தது" என்றால், எந்த ஆண்டிலிருந்து இல்லை என்று கேட்டு, அந்த ஆண்டின் குத்தகைத் தாளை எடுத்துப் பாருங்கள். என்னுடையதைப் போன்ற அரைப்பக்கமாக அது இருக்குமானால், இவ்வாண்டு அதனை முழுப்பக்கமாக்குங்கள். அந்தப் பக்கத்தை எழுதுவதில் உங்களுக்குத் துணை செய்ய எங்கள் அலுவலகம் என்றும் திறந்திருக்கும்.